அடுத்த முறை எத்தனை கிலோ?

வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வலுப்பயிற்சி நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையனும், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியையும் ஒரே நாளில் ஒரே ஜிம்மில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான ஜிம்களில் இருவர் கையிலும் ஒரே அட்டையைத்தான் கொடுப்பார்கள். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி கால். ஒவ்வொரு நாளும் நாலைந்து பயிற்சி, மூன்று செட், பன்னிரண்டு ரெப்ஸ். “அடுத்த வாரம் எவ்வளவு வெயிட் போடணும் மாஸ்டர்?” என்று கேட்டால், “முடிஞ்சதைப் போடுங்க, போகப் போக ஏத்திக்கலாம்” என்று பதில் வரும்.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லத்தான் நல்ல வலுப்பயிற்சி நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பயிற்சிகளின் பட்டியல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். யூடியூப்பில் ஸ்குவாட் என்று தட்டினால் ஆயிரம் வீடியோ வந்து நிற்கும். ஆனால் இன்று 40 கிலோ தூக்கியவர் அடுத்த முறை எத்தனை கிலோ தூக்க வேண்டும்? எடை ஏறாமல் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும்? ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டுக்குமான பதிலைத்தான். இரண்டும் இல்லாத நூல், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அலமாரியை விட்டு இறங்கப்போவதில்லை.

அந்தப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை வயது என்பது ஒன்று. எத்தனை நாளாக முறையாக எடை தூக்குகிறார் என்பது இன்னொன்று. ஐம்பது வயதில் நேற்றுச் சேர்ந்தவரும் இருபத்தைந்து வயதில் ஐந்து வருடம் பழகியவரும் ஒரே நூலைப் படித்தால் இருவரில் ஒருவருக்கு அது நிச்சயம் பொருந்தாது.

முதல் நூல்

புதிதாக ஆரம்பிக்கும், உடம்பில் வேறு கோளாறு இல்லாத, பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது வரையிலான எவருக்கும் நான் முதலில் சொல்வது மார்க் ரிப்பெட்டோவின் ‘ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்’. டெக்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா ஃபால்ஸ் நகரில் ஜிம் நடத்துபவர் ரிப்பெட்டோ. லான் கில்கோருடன் சேர்ந்து எழுதிய முதல் பதிப்பு 2005இல் வந்தது. வாங்குவதானால் 2011இல் வந்த மூன்றாம் பதிப்பை வாங்குங்கள். பல இடங்களில் புதிதாக எழுதப்பட்டது அதுதான்.

நூலில் பிரதானமான பயிற்சிகள் ஐந்தே ஐந்து: ஸ்குவாட், பிரஸ், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ், பவர் கிளீன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட அத்தியாயம். ராடு பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே ஏன் இருக்க வேண்டும், முதுகு எந்தக் கோணத்தில் சாய வேண்டும், தொடை நீளமானவருக்கு ஸ்குவாட் ஏன் வேறு மாதிரித் தெரியும் என்று எலும்பும் நெம்புகோலுமாக விளக்கிக்கொண்டு போகிறார். முதல் வாசிப்பில் தலை சுற்றும். ஒரு பயிற்சியைச் செய்துவிட்டு வந்து அதன் அத்தியாயத்தை மறுபடி எடுத்தால் வரிக்கு வரி புரியும்.

‘அடுத்த முறை எவ்வளவு’ என்பதற்கு இந்த நூலின் பதில் தெளிவானது. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. ஸ்குவாட் ஐந்து ரெப்ஸ் வீதம் மூன்று செட். ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தைய முறையைவிடச் சுமார் 2.5 கிலோ கூடுதல். புதியவரின் உடம்பு இரண்டு மூன்று நாளில் தேறி, முன்பைவிடக் கொஞ்சம் வலுவாகிவிடும் என்பதுதான் இதன் அடிப்படை. ஐந்தைந்தாகத் தூக்கும் இந்த வழக்கத்துக்கு முன்னோடி ரிப்பெட்டோவின் ஆசான் பில் ஸ்டார். அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காக அவர் 1976இல் எழுதிய ‘தி ஸ்ட்ராங்கெஸ்ட் ஷல் சர்வைவ்’ நூலில் ஐந்து செட், ஐந்து ரெப்ஸ் முறை இருக்கிறது.

நம் ஊரில் இதைப் பின்பற்றுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒல்லியான இளைஞர்கள் உடம்பு தேற ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர், பால் குடிக்கலாம் என்று ரிப்பெட்டோ சொன்னது மிகவும் பிரபலமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கும் தமிழ்நாட்டில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தொப்பை உள்ளவர்களுக்கு அவரே அதைச் சொல்லவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, கனமான எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கும் முறையை நூல் வலியுறுத்துகிறது. முதுகுக்கு அது பாதுகாப்பு. ஆனால் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் வெகுவாக ஏறும். கட்டுக்குள் இல்லாத பிபி உள்ளவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த அத்தியாயத்தைச் செயல்படுத்தவே கூடாது.

பிறகு, பிளேட் பிரச்சினை. எந்த அமெரிக்க நூலும் நம் ஊர் ஜிம்மை மனத்தில் வைத்து எழுதப்படவில்லை. நம் ஜிம்கள் பலவற்றில் இருப்பதிலேயே சின்ன பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் மாட்டினால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறும். 100 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அது ஐந்து சதவீதம். 20 கிலோ காலி ராடைத் தலைக்கு மேல் தூக்கப் பழகும் பெண்ணுக்கு அது இருபத்தைந்து சதவீதம்! எந்த உடம்பும் இரண்டு நாளில் அப்படி வளராது. “லேடீஸுக்கு பிரஸ் வராது” என்று ஜிம்மில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அரை கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் தாவல் ஒரு கிலோவாகச் சுருங்கும். பெண்களும் வயதானவர்களும் எந்த நூலை வாங்கினாலும் அதோடு சேர்த்து வாங்க வேண்டியது அந்த ஜோடியைத்தான்.

முதல் நூலாக வாங்கக் கூடாதது

அர்னால்டு ஸ்வார்ஸ்நேகரும் பில் டாபின்ஸும் எழுதிய உடலழகுக் கலைக்களஞ்சியம் 1985இல் வந்து, 1998இல் திருத்தி விரிக்கப்பட்டது. எழுநூறு பக்கங்களுக்கு மேல். பிறந்தநாள் பரிசாக இளைஞர்களுக்கு அதிகம் கிடைக்கும் நூல் இதுவாகத்தான் இருக்கும். வரலாறாகவும் ஆவணமாகவும் அதை மதிக்கிறேன். அந்தக் காலத்து வீரர்களின் படங்களுக்காகவே வைத்திருக்கலாம். ஆனால் ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்ற ஒருவருடைய, வாரத்தில் ஆறு நாள் நீளும் பயிற்சியை, வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்கு ஜிம்முக்கு வரும் பையன் தாங்க முடியாது. அந்த நாட்களில் ஸ்டீராய்டு எடுத்ததை அர்னால்டே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மருந்தின் துணையோடு தேறிய உடம்பின் அட்டவணை, அது இல்லாத உடம்புக்குப் பொருந்தாது. இதைப் பையன்களிடம் வீட்டில் யாராவது பேச வேண்டும்.

பிரெடரிக் டெலாவியேயின் ‘ஸ்ட்ரெங்த் டிரெய்னிங் அனாடமி’யும் இப்படித்தான். எந்த அசைவில் எந்தத் தசை வேலை செய்கிறது என்பதை அவர் வரைந்து காட்டும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அது படப்புத்தகம். நாளை என்ன செய்வது என்று அதில் இல்லை. இரண்டாவது நூலாக வாங்கலாம்.

எடை ஏறாமல் நிற்கும்போது

வாரம் மூன்று முறை 2.5 கிலோ என்றால் வாரத்துக்கு 7.5 கிலோ. ஒரு வருடம் இப்படியே போனால் ஸ்குவாட்டில் 390 கிலோ கூடியிருக்க வேண்டும். யாருக்கும் கூடாது. சில மாதங்களில் ஒரு நாள் நாலாவது ரெப்பிலேயே ராடு நின்றுவிடும். கொஞ்சம் குறைத்து மறுபடி ஏறிப் பார்த்தாலும் அதே இடத்தில் நிற்கும். பெரும்பாலானவர்கள் ஜிம்மை விடுவதோ, புரோட்டீன் டப்பாவை மாற்றுவதோ இந்தக் கட்டத்தில்தான். மாற்ற வேண்டியது நூலை.

ரிப்பெட்டோவும் கில்கோரும் எழுதி, பின்னர் ஆண்டி பேக்கரும் சேர்ந்துகொண்ட ‘பிராக்டிக்கல் புரோகிராமிங்’ இதற்குக் காரணம் சொல்கிறது. உடம்பு ஒரு சுமையைச் சந்தித்து, தேறி, முன்பைவிடத் தயாராகிறது என்ற கருத்துக்கு மூலம் 1936இல் ஹான்ஸ் செல்யே வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு. அதை வைத்துக்கொண்டு தூக்குபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையிலேயே முன்னேறுபவர் புதியவர். ஒரு வாரம் தேவைப்படுபவர் இடைநிலை. ஒரு மாதமோ அதற்கு மேலோ எடுப்பவர் தேர்ந்தவர். எத்தனை வருடம் ஜிம்முக்குப் போனோம், எத்தனை கிலோ தூக்குகிறோம் என்பது இந்தப் பிரிவில் வருவதே இல்லை. பத்து வருடமாக அதே 60 கிலோவை பெஞ்ச் அடித்துக்கொண்டிருப்பவர் இந்தக் கணக்கில் இன்னும் புதியவர்தான். அவர் ‘ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்’திலிருந்து தொடங்கலாம். நூல் வாங்குவதற்கு இதைவிடப் பயனுள்ள ஓர் அளவுகோலை நான் கண்டதில்லை.

இடைநிலைக்கு வந்தவர்கள், அதிலும் குடும்பம், ஷிஃப்ட் வேலை, இஎம்ஐ என்று ஓடும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள், ஜிம் வென்ட்லரின் ‘5/3/1’ஐ எடுக்கலாம். 2009இல் வந்த சின்ன நூல். போட்டிகளில் அணியும் இறுக்கமான உடைகளின் துணையோடு 1000 பவுண்டு, அதாவது 450 கிலோவுக்கு மேல், ஸ்குவாட் செய்தவர் வென்ட்லர். போட்டியை விட்ட பிறகு எழுதிய இந்த நூலில் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, குறைவாக ஆரம்பித்து மெதுவாக ஏறுங்கள் என்பதுதான்.

கணக்கு எளிது. டெட்லிஃப்ட்டில் உங்களால் ஒரே ஒரு முறை தூக்க முடிவது 100 கிலோ என்றால், கணக்குக்கு அதில் 90 சதவீதத்தை, 90 கிலோவை, எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் அந்த 90இல் 65, 75, 85 சதவீதம், ஐந்து ஐந்து ரெப்ஸ். இரண்டாம் வாரம் 70, 80, 90 சதவீதம், மூன்று மூன்று. மூன்றாம் வாரம் 75, 85, 95. ஐந்து, மூன்று, ஒன்று. நான்காம் வாரம் இளைப்பாறும் வாரம், எடை பாதிக்கு இறங்கும். பிறகு மேல் உடம்புப் பயிற்சிகளுக்குச் சுமார் 2.5 கிலோவும், ஸ்குவாட், டெட்லிஃப்டுக்கு 5 கிலோவும் கூட்டி மறுபடி முதலிலிருந்து. அதாவது ‘அடுத்த முறை எவ்வளவு’ என்ற கேள்வி இங்கே ‘அடுத்த மாதம் எவ்வளவு’ என்று ஆகிவிடுகிறது. இருபது வயதுக்காரருக்கு இது பொறுக்காது. நாற்பது வயதுக்காரருக்கு இது நிம்மதி.

(இந்த நூல்கள் எல்லாமே பவுண்டில் பேசும். 5 பவுண்டு என்று இருந்தால் 2.5 கிலோ, 10 என்றால் 5 கிலோ என்று எடுத்துக்கொண்டால் போதும்.)

ஐம்பதைத் தாண்டியவர்கள்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தப் பகுதிதான். “உங்களுக்கு எதுக்கு சார் வெயிட்டு? வாக்கிங் போங்க, போதும்” என்ற அறிவுரையை ஜிம்மிலும் கேட்கலாம், வீட்டிலும் கேட்கலாம். நடை நல்லது, இதயத்துக்கு வேண்டும். ஆனால் கழிப்பறையிலிருந்து கையூன்றாமல் எழவும், பஸ் படியில் ஏறவும், தடுமாறும்போது கீழே விழாமல் நிற்கவும் தேவைப்படும் தசையை அது போதுமான அளவு வளர்ப்பதில்லை. வயதாக ஆகத் தசை கரைவதற்கு சார்க்கோபீனியா என்று பெயர் வைத்ததே 1989இல்தான்.

மறு ஆண்டே, 1990இல், பாஸ்டன் முதியோர் மருத்துவமனை ஒன்றில் மரியா ஃபியட்டரோனும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. சுமார் தொண்ணூறு வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குக் கடுமையான எடைப்பயிற்சி. முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! ஆய்வு சிறியதுதான். ஆனால் வயதான உடம்பு வலுவடையாது என்ற பேச்சுக்கு அதன் பிறகு இடமில்லை. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதலும் எல்லா வயது வந்தவர்களுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப்பயிற்சி வேண்டும் என்கிறது. முதியவர்கள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாள் செய்ய வேண்டும் என்று கூடுதலாகவும் சொல்கிறது.

இவர்களுக்கான நூல் ‘தி பார்பெல் பிரிஸ்கிரிப்ஷன்’. 2016இல் வந்தது. எழுதியவர்களில் ஜோனதன் சல்லிவன் மிச்சிகனில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்தவர். இன்னொருவர், மேலே சொன்ன பயிற்சியாளர் ஆண்டி பேக்கர். சர்க்கரை, தொப்பை, பிபி, தசை இழப்பு எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருவதை ஒரு மருத்துவரின் கண்ணோடு விவரிக்கும் முதல் பகுதியை மட்டுமாவது எல்லோரும் படிக்க வேண்டும். பயிற்சி விஷயத்தில் நூலின் முக்கியமான தீர்ப்பு இது: வயதானவர்களால் நிறைய செட்களைத் தாங்க முடியாது, ஆனால் எடை குறைந்தாலும் அவர்களுக்குப் பலனில்லை. ஆகவே செட்டைக் குறைக்க வேண்டும், நாட்களைத் தள்ளிப்போட வேண்டும், எடையை மட்டும் அவரவர் வலுவுக்குத் தக்கபடி கனமாகவே வைத்திருக்க வேண்டும். நம் ஜிம்களில் நடப்பது நேர்மாறு. சின்ன டம்பெல்லைக் கையில் கொடுத்து, முப்பது முறை ஆட்டச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பார்பெல் என்றாலே பயப்படுகிற அம்மாக்களுக்கு மிரியம் நெல்சனின் ‘ஸ்ட்ராங் விமன் ஸ்டே யங்’. 1997இல் வந்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளரான அவர் மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. வாரம் இரண்டு நாள் பயிற்சி செய்தவர்களின் எலும்பு அடர்த்தி சற்றே கூடியது, செய்யாதவர்களுக்குக் குறைந்தது. நூலில் இருக்கும் பயிற்சிகள் நாற்காலி, டம்பெல், கணுக்காலில் கட்டும் எடை ஆகியவற்றோடு வீட்டிலேயே செய்யக்கூடியவை. முதலில் சொன்ன தலைமையாசிரியை இதிலிருந்து ஆரம்பித்து, ஆறு மாதம் கழித்து சல்லிவனிடம் போகலாம். முழங்கால் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்களும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ இந்த நூலைக் கொண்டுபோய்க் காட்டி, எதைச் செய்யலாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு நூல் வேண்டாம்

பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. சரியான மேற்பார்வையில் செய்யும் வலுப்பயிற்சி குழந்தைகளின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பலமுறை சொல்லிவிட்டது. ஏவரி ஃபைகன்பாமும் வெயின் வெஸ்ட்காட்டும் எழுதிய ‘யூத் ஸ்ட்ரெங்த் டிரெய்னிங்’ நூலைப் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் படிக்கலாம். முதலில் அசைவு சரியாக வர வேண்டும், எடை பிறகு என்பதுதான் அதன் சாரம்.

பிள்ளையிடம் மட்டும் நூலைக் கொடுத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் தேவை பக்கத்தில் நிற்கும் ஒரு கோச். 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம், பளுதூக்குதலுக்குப் பேர்போன வேலூர் சத்துவாச்சாரிக்காரர். விஷயம் தெரிந்த ஆள் அவருக்கு வீட்டிலேயே இருந்தார்: அவருடைய அப்பாவும் பளுதூக்கும் வீரர்தான்.

ஜிம் பக்கத்தில் இல்லையென்றால்

ஸ்டீவன் லோவின் ‘ஓவர்கமிங் கிராவிட்டி’. சொந்த உடல் எடையை மட்டும் வைத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு இதுபோல் முழுமையான நூல் வேறில்லை. தண்டாலும் பஸ்கியும் தெரிந்தவர்கள் அடுத்த படிக்குப் போக வழி இதில் இருக்கிறது. கிலோ கூட்டுவதற்குப் பதிலாகப் பயிற்சியைக் கடினமாக்கிக்கொண்டு போவார்கள். பருமனான நூல், பொறுமை வேண்டும்.

எதை வாங்கினாலும் முதலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். ஆறு மாதம் அதில் சொன்னபடியே செய்யுங்கள். ஒரு நூலின் ஸ்குவாட்டையும் இன்னொன்றின் அட்டவணையையும் கலக்காதீர்கள். தேதி, எடை, செட், ரெப்ஸ் இவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நோட்டு இல்லாதவருக்கு மேலே சொன்ன எந்த நூலும் உதவாது, ஏனென்றால் எல்லா நூல்களும் முதலில் கேட்பது போன முறை எவ்வளவு தூக்கினீர்கள் என்றுதான்.

இங்கே சொன்ன நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நம் கைக்குக் கிடைக்கின்றன. தென்னிந்தியாவுக்கு இந்தத் துறையில் எழுத்து புதிதல்ல. பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்திய கே.வி. ஐயர் 1930லேயே ‘மசில் கல்ட்’ என்ற நூலை வெளியிட்டு, தபால் வழியாகவும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கன்னடத்தில் ‘சாந்தலா’ நாவல் எழுதிய அவரே உடற்பயிற்சி நூலை ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆங்கிலம் தெரிந்த இருபது வயதுப் பையன் எப்படியும் தேடிப் படித்துவிடுவான். வலுப்பயிற்சி அவசரமாகத் தேவைப்படும் அறுபது வயதுத் தமிழருக்கு, நம் சாப்பாட்டையும் நம் ஜிம்களின் பிளேட்டையும் நம் சர்க்கரை, பிபி கணக்கையும் தெரிந்த ஒரு நூல் தமிழில் வேண்டும். உடற்கல்விப் பேராசிரியர்களும் முதியோர் மருத்துவம் பார்ப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் எழுதிவிடக்கூடிய நூல்தான் அது. பதிப்பாளர்கள் அவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.